மரமும் நாதமும் – 9: பட்டறையில் பிறக்கும் டபுள் பேஸ்

டபுள் பேஸுக்கு நிலையான அளவு என்று ஒன்று கிடையாது. வயலினின் உடல் நீளம் எங்கு செய்தாலும் 35.5 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். இத்தாலியின் கிரிமோனா நகர ஆசான்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வகுத்துவிட்டுப் போன அந்த அளவைத் தொட இன்றும் பலருக்குத் துணிவு வருவதில்லை. டபுள் பேஸ் அப்படிக் கட்டுப்படவில்லை. தோளின் சரிவு, முதுகின் வளைவு, தந்தியின் நீளம், தந்திகளின் எண்ணிக்கை எல்லாமே நாட்டுக்கு நாடு, பட்டறைக்குப் பட்டறை மாறுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் மாபெரும் கலைஞர் ஜியோவானி பொட்டெசினி வாசித்த 1716ஆம் ஆண்டின் டெஸ்டோரே பேஸுக்கு மூன்றே தந்திகள். இன்றைய ஜெர்மானிய இசைக்குழுக்களில் ஐந்து தந்திகள் சாதாரணம். இதனால், பட்டறையில் ஒரு டபுள் பேஸ் செய்யச் சொல்பவர், வயலின் வாங்குபவருக்கு மரபு முன்பே தீர்த்துவைத்த பல கேள்விகளுக்குத் தாமே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவி தரையில் நின்றால் சுமார் 180 சென்டிமீட்டர் உயரம் வரும். வழக்கமான நான்கு தந்திகளும் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி என நான்கு சுர இடைவெளியில் சேர்க்கப்படுகின்றன. வயலின் குடும்பத்தின் மற்ற கருவிகளில் இருப்பதுபோல் ஐந்து சுர இடைவெளி வைத்தால், இத்தனை நீளமான தந்தியில் கை ஓயாமல் மேலும் கீழும் ஓட வேண்டியிருக்கும். அடித்தந்தியான ஈ நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. பெயரளவில் ‘முக்கால்’ எனப்படும் அளவைத்தான் உலகின் பெரும்பாலான இசைக்குழுக்காரர்களும் ஜாஸ் கலைஞர்களும் வாசிக்கிறார்கள். முழு அளவுக் கருவி அரிது. முக்கால் என்று கேட்டதும் அதை மாணவர் கருவி என்று நினைத்துவிடக் கூடாது.

பெரிய உடல் இருந்தால் ஆழ்ந்த ஒலி வரும் என்ற எண்ணம் எளிதில் எழும். அது பாதிதான் உண்மை. 41 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் காற்றில் எட்டு மீட்டருக்கு மேல். அந்த அலையை முழு பலத்தோடு வெளியே தள்ள எந்த டபுள் பேஸின் உடலும் போதாது. கருவிக்குள் இருக்கும் காற்றின் இயல்பான அதிர்வே பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. கீழ்த்தந்தியில் கேட்பவர் காதுக்கு வருவது பெரிதும் அந்தச் சுரத்தின் மேல் இழைகளே. அவற்றைக் கொண்டு அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே உடலைச் சில அங்குலம் பெருக்குவதைவிட, இருக்கும் முகப்பலகை தாராளமாக அசையும்படி இழைத்திருப்பது ஒலிக்கு அதிகம் உதவுகிறது. பெரிய உடலின் சுமையோ வாசிப்பவரின் தோளில் நாள்தோறும் ஏறும்.

ஆர்டர் கொடுக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது தந்தி நீளம், அதாவது கழுத்தின் தலைப்பக்க மேட்டிலிருந்து குதிரை வரையுள்ள தூரம். முக்கால் கருவியில் 104 முதல் 106 சென்டிமீட்டர் வழக்கம். 110 வரை போகும் கருவிகளும் உண்டு. 105 சென்டிமீட்டர் தந்தியில், முதல் நிலையில் சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஒரு முழுச்சுரம் பிடிக்கப் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகக் கை விரிய வேண்டும். 110 சென்டிமீட்டரில் அது மேலும் அரை சென்டிமீட்டர் விரியும். தாளில் இது அற்பமாகத் தெரியலாம். மூன்று மணி நேர ஓபராவில், ஆயிரக்கணக்கான முறை, அந்த அரை சென்டிமீட்டரைத் தாங்குவது இடதுகையின் தசைநார்தான். நீளமான தந்திக்கு இழுவிசையும் தெளிவும் சற்று அதிகம் என்பதையும் மறுக்க முடியாது. கை சிறியதாக இருப்பவர் ஒலிக்கு ஆசைப்பட்டு நீளத்தைக் கூட்டிக் கேட்பது, பின்னாளில் வலியாகத் திரும்பி வரும் தவறு.

தந்தி நீளத்தோடு சேர்த்துப் பேச வேண்டியது கழுத்து உடலோடு இணையும் இடம். கட்டைவிரல் கழுத்தின் அடிமுனையில் போய் முட்டும்போது, ஜி தந்தியில் முதல் விரல் எந்தச் சுரத்தில் விழுகிறது என்பதை வைத்து ‘டி கழுத்து’, ‘ஈ ஃபிளாட் கழுத்து’ என்று இரண்டு வகை சொல்வார்கள். கை இருட்டிலும் சுரத்தைக் கண்டுபிடிப்பது இந்த முட்டும் இடத்தை வைத்துத்தான். பல ஆண்டுகள் ஒன்றில் பழகியவர் புதுக் கருவியில் மற்றதைக் கேட்டால், சுரத்தானங்களை மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டும். கழுத்தின் பருமனையும் வளைவையும் சொல்லால் விளக்குவது கடினம். இப்போது வாசிக்கும் கருவியின் கழுத்தில் அட்டையை ஒட்டி வெட்டி அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவது மேல்.

தோள் விஷயத்தில் சமரசம் வேண்டாம் என்பதே அனுபவமுள்ள வாசிப்பாளர்களின் கருத்து. வயலினைப் போல் அகன்று உருண்ட தோள் பார்வைக்கு அழகு. ஆனால் மேல்ஸ்தாயி வாசிக்கும்போது, இடதுகை அந்தத் தோளைச் சுற்றி வளைந்துபோய் விரல்பலகையின் அடிமுனையைத் தொட வேண்டும். பழைய தந்திக்கருவியான வயோலா ட காம்பாவின் வழியில் சரிந்து இறங்கும் தோள் இதற்கு வழிவிடுகிறது. தோளுக்கு மேலே கழுத்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். அது தாழ்ந்திருந்தால், தோள் எத்தனை சரிந்திருந்தாலும் கை இடிக்கும். உள்ளூர் நாட்டிய அரங்கிலோ ஜாஸ் குழுவிலோ பெரும்பாலும் கீழ்ச்சுரங்களை மீட்டுபவருக்கு இது பெரிய செய்தி அன்று. தனிக்கச்சேரி வாசிப்பவருக்கு இதுவே வாசல்.

முதுகுப்பலகை தட்டையா, குவிந்ததா என்பது பட்டறைகளில் ஓயாத விவாதம். தட்டை முதுகு காம்பா குடும்பத்தின் மிச்சம். அதற்கு மரம் குறைவாகச் செலவாகும். வில் பட்டதும் ஒலி உடனே எழும் என்று அதை விரும்புவோர் சொல்கிறார்கள். அதன் சிக்கல் உள்ளே இருக்கிறது. தட்டைப் பலகை வளையாமலிருக்க உட்புறத்தில் குறுக்குச் சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. மரம் ஈரத்தில் விரிவதும் வறட்சியில் சுருங்குவதும் நாரின் குறுக்குவாட்டில்தான். நீளவாட்டில் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. பலகை அகலத்தில் விரியப் பார்க்கும். குறுக்கே தன் நாரின் நீளவாட்டில் கிடக்கும் சட்டம் விடாது. அந்த இழுபறியில் ஒட்டு விடும், சில சமயம் பலகையே வெடிக்கும். குவித்துச் செதுக்கிய முதுகு சட்டமில்லாமலே உறுதி பெறுகிறது. விரிந்தால் வளைவு சற்று எழும், சுருங்கினால் தணியும். மேலைநாட்டுக் குளிர்காலத்தில் சூடேற்றிய வறண்ட அறையும் மழைக்கால ஈரமும் மாறி மாறி வரும். சென்னை போன்ற கடலோர ஊர்களிலோ குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வெளிப்புழுக்கத்துக்கும் இடையே கருவி தினமும் போய் வரும். இத்தகைய இடங்களில் குவிந்த முதுகே நிம்மதி. கருவி எந்த ஊருக்குப் போகப்போகிறது என்பதைச் செய்பவரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

மரத்துக்கு வந்தால், முகப்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ். குளிர்மலையில் மெதுவாக வளர்ந்து நெருங்கிய வளையங்கள் கொண்ட இம்மரத்துக்கு இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கு பெயர் பெற்றது. கருவியின் கீழ்ப்பகுதி அகலம் 65 சென்டிமீட்டரைத் தாண்டும். இரண்டு பலகைகளைப் புத்தகம் விரித்ததுபோல் ஒட்டினாலும், ஒவ்வொன்றும் 33 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். அதுவும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆரவாக்கில் அறுத்ததாக இருக்க வேண்டும். அத்தனை பருத்த மரம் கிடைப்பது அரிதாகிவிட்டதால், ஓரங்களில் சிறு துண்டு சேர்த்து அகலத்தை நிறைவு செய்வார்கள். இது குறையன்று, பழைய இத்தாலியக் கருவிகளிலும் உண்டு. முதுகுக்கும் பக்கங்களுக்கும் வரி ஓடும் மேப்பிள் வழக்கம். பாப்ளர், வில்லோ, வால்நட் மரங்களில் செய்தவை தோற்றத்தில் எளிமையாக இருந்தாலும் கதகதப்பான நாதம் தருபவை; எடையும் குறைவு. மேப்பிளின் வரியழகுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை ஆண்டு உலர்ந்த மரம் என்று கேட்பதுதான் பணத்துக்கேற்ற கேள்வி. விரல்பலகை கருங்காலி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலி ஒருகாலத்தில் ஐரோப்பாவுக்குப் போனதுண்டு. இன்று பட்டறைகளுக்கு வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்க மரம்.

முகப்பலகை நடுவில் ஏறத்தாழ எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இருந்து ஓரத்தை நோக்கி மெலியும். நான்கு எஃகுத் தந்திகளும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்தச் சுமையை ஏந்திக்கொண்டே பலகை அசைய வேண்டும். கனமாக விட்டால் ஒலி ஊமையாகும். மெலிய இழைத்தால் முதலில் முழங்கி, சில ஆண்டுகளில் தொய்யும். உளி பிடித்தவரின் திறமை முழுவதும் இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது. கருவிக்குக் கொடுக்கும் பணமும் இதற்குத்தான். ஒட்டுப்பலகையில் செய்த ஆலைக் கருவிகள் உறுதியானவை, பள்ளிகளுக்குப் போதுமானவை. அவற்றின் பேச்சு இங்கே தேவையில்லை.

நான்கு தந்தியா ஐந்தா என்பது வேலை செய்யும் நாட்டைப் பொறுத்தது. மாலர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் போன்ற இசையமைப்பாளர்களின் படைப்புகள் ஈ தந்திக்கும் கீழே சி வரை இறங்குகின்றன. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதற்காகக் கீழே ஒரு பி தந்தி சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் ஈ தந்தியைத் தலைச்சுருளுக்கு மேல்வரை நீட்டி, கூடுதல் விரல்பலகை பொருத்துகிறார்கள். ஐந்து தந்திக்குக் கழுத்து அகலும், உடலும் வேறாகத் திட்டமிடப்பட வேண்டும். பின்னால் மாற்றுவது கடினம். நீட்டிப்பை எப்போது வேண்டுமானாலும் பொருத்தலாம்.

யாரிடம் செய்யச் சொல்வது? ஜெர்மனியின் பவேரிய மலையூரான மிட்டன்வால்டில் மத்தியாஸ் க்ளாட்ஸ் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த தொழில் இன்றும் நடக்கிறது. அங்கே 1858இல் தொடங்கிய கருவிப் பள்ளியும் உண்டு. டபுள் பேஸுக்கென்றே பெயர் பெற்ற பட்டறைகளும் அவ்வூரில் இருக்கின்றன. சாக்சனியின் மார்க்நாய்கிர்ஹெனில் 1677இலேயே வயலின் செய்வோர் சங்கம் அமைந்தது. கிரிமோனாவின் கைத்தொழிலை யுனெஸ்கோ 2012இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஊர்ப்பெயர் மட்டும் போதாது. உடலை வேறு நாட்டில் மலிவாகச் செய்து வரவழைத்து, வார்னிஷும் தந்தியும் மட்டும் இவ்வூர்களில் முடிக்கும் வழக்கமும் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் தவறில்லை. எந்த வேலை எந்தக் கையால் என்பதை வாங்குபவர் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெயருக்கும் நாதத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்ட, டபுள் பேஸ் கலைஞர் செர்ஜி குசெவிட்ஸ்கி வாசித்து, பின்பு இன்னொரு பேஸ் கலைஞரான கேரி கார் கைக்கு வந்த பேஸைவிட நல்ல சான்று இல்லை. 1611இல் கிரிமோனாவின் அமாத்தி சகோதரர்கள் செய்தது என்று அது நெடுங்காலம் மதிக்கப்பட்டது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, 1611க்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த மரம் காட்டில் வளர்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. அமாத்தி என்ற பெயர் போனதே தவிர, அத்தனை பேரும் கேட்டு மயங்கிய நாதம் போய்விடவில்லை. ஆகவே, ஆசானின் பட்டறையில் நேற்று முடிந்த கருவியைப் பார்த்து முடிவு செய்யாமல், அவர் செய்து சில ஆண்டுகள் வாசிக்கப்பட்ட இரண்டு மூன்று கருவிகளைத் தேடிப்போய் வாசிப்பது நல்லது. பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லி, அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பக்கத்தில் நின்றால் பெரிதாக முழங்கும் கருவி தொலைவில் மங்கிப்போவதும், அருகில் கரகரப்பாக இருந்த ஒலி தொலைவில் தெளிந்து சேர்வதும் டபுள் பேஸில் அன்றாடம் நடப்பவை.

நல்ல பட்டறையில் ஒரு கருவிக்குச் சில நூறு மணி நேர வேலை இருக்கிறது. வரிசையில் ஓராண்டு, இரண்டாண்டு காத்திருப்பதும், விலை 20,000 யூரோவைத் தாண்டுவதும் வழக்கம். இத்தனை பெரிய செலவில் வாய்ப்பேச்சு போதாது. தந்தி நீளம், கழுத்து வகை, மரம், தந்திகள், தரைக்கோல், முன்பணம், முடியும் காலம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். விமானத்தில் போக வேண்டியவர் கழற்றக்கூடிய கழுத்தைக் கேட்கலாம். ஈரம் மாறும் ஊருக்குப் போகிறதென்றால் குதிரையின் கால்களில் உயரம் மாற்றும் திருகுகள் அவசியம். முகப்பலகை எழும்பித் தணியும்போது தந்தியின் உயரத்தை வாசிப்பவரே சரிசெய்துகொள்ளலாம். ஒட்டுக்குத் தோல்பசையே பயன்பட வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டியது. சூட்டிலும் ஈரத்திலும் இளகும் அந்தப் பசையால்தான், நூறாண்டு கழித்தும் ஒருவர் முகப்பலகையைச் சேதமின்றித் திறந்து பழுது பார்க்க முடிகிறது.

இடையில் ஒருமுறை, வார்னிஷ் பூசுமுன், பட்டறைக்குப் போவது பயன் தரும். கழுத்தை இன்னும் சற்று இழைக்கலாம், தோள் ஓரத்தை உருட்டலாம் என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் சில மணி நேர வேலை. வார்னிஷுக்குப் பின் மனக்கசப்பு. கருவி கைக்கு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. முகப்புக்கும் முதுகுக்கும் நடுவே ஒட்டாமல் அழுத்தத்திலேயே நிற்கும் சிறு தூணுக்கு, புது மரம் தந்திச்சுமைக்குப் பழகி அமரும்போது நீளம் போதாமல் போகும். முதல் ஆண்டுக்குள் அதே ஆசானிடம் ஒருமுறையாவது கொண்டுபோய்த் தூணையும் குதிரையையும் சரிபார்ப்பதை விலையிலேயே சேர்த்துப் பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

(தொடரும். அடுத்த இதழில்: பிரெஞ்சு வில்லும் ஜெர்மன் வில்லும்)