சும்மா காசு கொடுத்தா சோம்பேறி ஆகிடுவாங்களா?

'வேலையில்லாதவங்களுக்குச் சும்மா காசு கொடுத்தா, அப்புறம் வேலைக்கே போக மாட்டாங்க பாஸ்!' - டீக்கடை முதல் வாட்ஸ்அப் குரூப் வரை கேட்கும் டயலாக் இது. ஃபின்லாந்து அரசு இதைச் சோதித்தே பார்த்துவிட்டது.

வேலையின்மை உதவித்தொகை வாங்கிவந்த 2,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 2017, 2018 என இரண்டு ஆண்டுகள் மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். வேலை தேடியதற்கு ஆதாரம் காட்ட வேண்டாம். வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது.

ரிசல்ட்? பழைய முறையில் இருந்தவர்களைவிட இவர்கள் சராசரியாகச் சில நாள்கள் கூடுதலாகவே வேலைக்குப் போயிருந்தார்கள். வித்தியாசம் சின்னதுதான். ஆனால், பயந்த மாதிரி சோம்பேறித்தனம் பெருகவில்லை. மன அழுத்தமும் இவர்களுக்குக் குறைவு.

அதனால, வேலை தேடும் நண்பரிடம் 'சோம்பேறி'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, 'இந்த மாசம் எப்படிச் சமாளிக்கிற?'ன்னு கேளுங்க!