படம் சிதறினால் பழுது எங்கே?

கணிப்பொறியில் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று திரையெங்கும் பச்சையும் ஊதாவுமாகச் சிறு சிறு சதுரங்கள்! "வரைகலை அட்டை போய்விட்டது, புதிது வாங்கவேண்டும்" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பணத்தை எடுக்குமுன் நாமே சோதித்துப் பார்த்துவிடலாம், அல்லவா?

படம் திரைக்கு வரும் வழி என்ன? வரைகலை அட்டையிலுள்ள சில்லு படத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அட்டையின் நினைவகத்தில் எழுதிவைக்கிறது. 1920 × 1080 அளவுள்ள திரையானால் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள்! நினைவகத்திலுள்ள அந்தப் படம் சாதாரணமாக வினாடிக்கு 60 முறை, வடத்தின் வழியே திரைக்குப் போகிறது. ஆகவே, படம் நினைவகத்திலேயே கெட்டுவிட்டதா, அல்லது அங்கிருந்து புறப்பட்ட பிறகு கெட்டதா என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. சதுரங்கள் தெரியும்போதே விண்டோஸ் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். திரைக்காட்சி ஒரு கோப்பாகப் பதிவாகும். அதைக் கைப்பேசிக்கு மாற்றித் திறந்து பாருங்கள். படம் சுத்தமாக இருந்தால் பழுது பெரும்பாலும் வடத்திலோ திரையிலோதான். முதலில் வடத்தை மாற்றிப் பாருங்கள். சதுரங்களும் சேர்ந்து பதிவாகியிருந்தால் சந்தேகம் அட்டையின்மீது திரும்புகிறது.

உடனே அட்டையைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். அதை இயக்கும் மென்பொருளும் இப்படிச் செய்யும். கணிப்பொறியை இயக்கியவுடன், விண்டோஸ் வருமுன், தயாரிப்பாளரின் பெயர் தோன்றுமே, அப்போது அந்த மென்பொருள் வேலை செய்வதில்லை. அந்த நேரத்திலும் சதுரங்கள் தெரிந்தால் பழுது பொருளில்தான்.

விளையாடத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்தே கோளாறு வருகிறதா? அப்படியானால் வெப்பத்தைக் கவனியுங்கள். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் அகற்றுங்கள். பல அட்டைகள் இதிலேயே பிழைத்துவிடும். தூசி போயும் கோளாறு போகவில்லையென்றால், பற்றாசில் விரிசல் விட்டிருக்கலாம். சூடாகும்போது சில்லும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிவதால், இடையிலுள்ள நுண்ணிய பற்றாசு உருண்டைகள் நாளடைவில் பிளந்துபோகின்றன. இத்தகைய பலவீனம் தன் சில்லுகள் சிலவற்றில் இருந்ததால், என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது.

அட்டையை அடுப்பில் சூடாக்கினால் சரியாகும் என்றொரு கைவைத்தியம் உலவுகிறது. செய்யாதீர்கள்! சில நாள் வேலை செய்து மீண்டும் கெட்டுவிடும். பிளாஸ்டிக் புகையோ சமையலறைக்கு ஆகாது.

கடைசிச் சோதனையாக, அட்டையை நண்பர் ஒருவரின் கணிப்பொறியில் பொருத்திப் பாருங்கள். அங்கே படம் தெளிவாக இருந்தால் உங்கள் கணிப்பொறியின் மின்வழங்கியையும், அட்டை செருகும் இடத்தையும் ஆராயவேண்டும். அங்கும் அதே சதுரங்கள்தானென்றால், கடைக்காரர் சொன்னது சரி.