தொண்ணூறு வினாடி வரவுப் பாட்டு

(காது கொடுங்கள் – தொடர்: 11)

போன கிழமை சிறுவர் பாடல்களைப் பற்றி எழுதியதற்குச் சித்தாண்டிப் பிள்ளைகள் சொன்ன கருத்து ஒரே வரிதான்: "சேர், நாங்க என்ன சின்னப் பிள்ளையளா? அனிமே பாட்டு எழுதுங்க." எட்டாம், ஒன்பதாம் ஆண்டு படிக்கிறவர்கள். ரியூசனுக்கு வரும்போதே யாராவது ஒருவனின் பைக்குள் ஃபோன் பாடிக்கொண்டுதான் வரும். அம்மாமாரின் கட்சி வேறு. "என்ன மனே, விளங்காத பாஷையில ஒரே சத்தம்!" இரண்டு கட்சிக்கும் பொதுவாக இந்தக் கிழமை.

கூத்துப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்தப் பாட்டு வகை புதிதே இல்லை என்பது என் வாதம். வடமோடிக் களரியில் அரசன் சும்மா வந்து நிற்பதில்லை. கட்டியகாரன் முன்னே வந்து, வரப்போகிறவரின் பெருமையை முழக்குவான். அண்ணாவியார் மத்தளத்தில் கை வைப்பார், சல்லரி சேரும், தாளக்கட்டுக்கு ஆட்டம் பிறக்கும், பிறகுதான் 'நான் இன்னார்' என்ற பாட்டு. அரசனுக்கு ஒரு வரவு, பெண் பாத்திரத்துக்கு வேறொரு வரவு. கதை நகர்வதற்கு முன்னமே ஆள் யார், குணம் என்ன என்று காதுக்குத் தெரிந்துவிடும். பேராசிரியர் மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' நூலைப் புரட்டினால் இதன் நுணுக்கமெல்லாம் கிடைக்கும்.

அனிமே என்கிற ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களின் தொடக்கப் பாட்டுக்கும் இதே வேலைதான். வித்தியாசம் நேரத்தில். கூத்தில் விடியும்வரை இடமிருக்கிறது. ஜப்பானியத் தொலைக்காட்சி தருவது ஏறத்தாழ 90 வினாடி. அதற்குள் நாயகன் வந்தாக வேண்டும்.

ஒன் பீஸிலிருந்து தொடங்குங்கள். 1999இல் தொடர் ஆரம்பமானபோது வந்த முதல் பாட்டு 'வீ ஆர்!'. ஹிரோஷி கிதாதானி பாடியது. இசை கோஹேய் தனாகா. தொலைக்காட்சியில் பாட்டுக்கு முன்னால் ஒரு குரல் கடற்கொள்ளையர் அரசனின் கதையைக் கம்பீரமாகச் சொல்லும். அச்சொட்டாகக் கட்டியகாரன்! அவன் பேசி முடித்த கையோடு பித்தளை வாத்தியங்கள் வெடிக்கும். சின்னத் தம்பி தங்கைகளுக்கும் தயங்காமல் போட்டுக்கொடுக்கலாம். பயணம் புறப்படுகிற உற்சாகம் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

அடுத்தது ஜப்பானில் கரவோக்கே போகிறவர்கள் இன்றும் விடாமல் பாடுகிற பாட்டு. 1995இல் வந்த 'நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்' தொடருக்கு யோகோ தகாஹாஷி பாடிய 'சன்கோக்கு நா தென்ஷி நோ தேஸே'. இதன் முதல் சில வினாடிகளை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். தாளம் இறுக்காமல் குரல் மட்டும் முன்னுக்கு வந்து நீட்டிப் பாடும். பழைய சினிமாப் பாட்டில் தொகையறா, நமது கூத்தில் விருத்தம். பிறகு ஒரு தட்டு, தாளம் ஓடத் தொடங்கிவிடும். இந்தத் திருப்பத்தைக் காது பிடித்துக்கொண்டால் உங்களுக்குப் பாட்டின் கட்டடம் தெரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதை எழுதிய நெகோ ஒய்காவா, தொடரின் திட்டத்தையும் முதல் அத்தியாயங்களையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எழுதியதாகப் பின்னாளில் சொன்னவர். பாட்டைக் கேளுங்கள், தொடரைப் பார்க்க உயர்தரம் முடியட்டும். அது மனதைக் கனக்கப் பண்ணுகிற கதை.

நருட்டோ இரசிகர்கள் பொறுமையிழப்பது தெரிகிறது. 2022இல் இந்தியாவின் சோனி யாய் அலைவரிசை நருட்டோவைத் தமிழ் பேச வைத்தது. தமிழ்ப் பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாட்டை ஜப்பானிய மூலத்திலேயே கேட்க வேண்டும் என்பேன். 'நருட்டோ ஷிப்புடென்' தொடரின் மூன்றாவது தொடக்கப் பாட்டு 'ப்ளூ பேர்ட்', 2008. இகிமோனோ ககாரி என்ற குழு, பாடுவது கியோயே யோஷியோகா. தெருவோரத்தில் பாடி வளர்ந்த குழு இது. தெருவில் நீண்ட வாத்திய முன்னுரை வாசித்துக்கொண்டிருந்தால் யார் நின்று கேட்பார்கள்? 'ப்ளூ பேர்ட்' முதல் மூச்சிலேயே குரலோடு தொடங்குவதற்கும் அந்தப் பழக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்பது என் ஊகம்.

"அர்த்தம் தெரியாமல் எப்படி மனே பாடுறாய்?" என்று அம்மா கேட்டால் சொல்வதற்கு ஒரு மறுமொழி தருகிறேன். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஜப்பானிய மொழியிலும் கணக்கு இதுவேதான்: குறுகிய ஒலிக்கு ஓர் அளவு, நீண்டதற்கு இரண்டு. ஓர் இடத்தில் நமக்குச் சறுக்கும். மெய்யெழுத்துக்கு நாம் அரை மாத்திரை கொடுக்கிறோம். அவர்கள் 'ன்' ஒலிக்கு முழு அளவு கொடுக்கிறார்கள். 'ஷின்சன்' நமக்கு இரண்டு அசை. அவர்களுக்கு ஷி, ன், ச, ன் என நாலு. பாட்டிலே அந்த 'ன்' மீது தனியாக ஒரு சுரமே வந்து உட்காரும். அதைப் பிடித்துப் பாடிப் பாருங்கள், உச்சரிப்பு ஜப்பானியருக்குக் கிட்டப் போய்விடும். சித்திரவேலாயுதர் கோயிலில் திருப்புகழ்ச் சந்தம் பாடிப் பழகிய நாக்கென்றால் வேகமும் ஒரு பொருட்டில்லை. அங்கேயும் முதலில் சந்தம்தானே வாயில் ஏறியது, பொருள் பிறகுதானே வந்தது?

பாடுகிற குரலே இல்லாத பாட்டு ஒன்றையும் கட்டாயம் கேளுங்கள்: 'டாங்க்!'. 1998இல் வந்த 'கவ்பாய் பீபாப்' தொடருக்காக யோகோ கன்னோ அமைத்த ஜாஸ். பாஸ் தந்தியையும் பொங்கோ கைத்தாளத்தையும் முதலில் தனியே பிரித்துக் கேளுங்கள், அடுத்த முறை சாக்ஸபோனை மட்டும் பின்தொடருங்கள். இதற்கு ஃபோன் ஸ்பீக்கர் உதவாது; அதில் பாஸ் செத்துப்போகும். மலிவான ஹெட்செட்டே போதும்.

கீபோர்ட் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு துப்பு. சி மேஜரில் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர் என்ற நாலு கோர்டுகளை வரிசையாகத் திரும்பத் திரும்ப அமுக்குங்கள். ஜப்பானில் இதற்கு 'இராஜபாட்டை' என்று பெயர். எத்தனையோ அனிமே பாட்டுகளின் உச்சப்பகுதி இந்தப் பாட்டையில்தான் நடக்கிறது. நம் சினிமாப் பாட்டு பெரும்பாலும் பல்லவியை முதலிலேயே போட்டு உடைத்துவிடும். அவர்கள் வழமையாக இரண்டு படி ஏற்றி, காத்திருக்க வைத்து, மூன்றாவதில்தான் உச்சத்தைத் தருவார்கள். தொலைக்காட்சியில் வருவது வெட்டிய வடிவம் என்பதால் இரண்டாம் சரணமும் இடைப்பகுதியும் போய்விடும். டேட்டா இருக்கிற நாளில் முழுப் பாட்டையும் தேடிக் கேளுங்கள்.

புதியவற்றைப் பற்றிச் சுருக்கமாக. லிசா பாடிய 'குரெங்கே' (2019, டீமன் ஸ்லேயர்) நல்ல பாட்டு. அதே லிசா அந்தத் தொடரின் திரைப்படத்துக்குப் பாடிய 'ஹொமுரா' 2020இன் ஜப்பான் இசைத்தட்டு விருதை வென்றது. எனக்கு அதுதான் ஒருபடி மேல். யோஅசோபியின் 'ஐடல்' (2023) நொடிக்கு நொடி நிறம் மாறுகிற வேடிக்கை, ஆனால் அது வருகிற 'ஓஷி நோ கோ' வளர்ந்தவர்களுக்கான கதை. 'அட்டாக் ஆன் டைட்டன்' பாட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை: காதால் கேட்கலாம், ஏழு வயதுத் தங்கச்சிக்குத் திரையைக் காட்ட வேண்டாம். அவளுக்கு 1988இல் வந்த 'டோட்டோரோ' படத்தின் 'சன்போ' இருக்கிறது. கையை வீசி நடந்துகொண்டே பாடுகிற பாட்டு, ஜப்பானியப் பாலர் பாடசாலைகளில் இன்றும் பாடுகிறார்கள்.

அம்மம்மாவையும் சேர்த்து உட்கார வைக்க 'இராமாயணம்: த லெஜண்ட் ஒஃப் பிரின்ஸ் ராமா' படம். ஜப்பானின் யூகோ சாகோவும் இந்தியாவின் ராம் மோகனும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய அனிமே. இசை வன்ராஜ் பாட்டியா, பாட்டுகள் சமஸ்கிருதத்தில். 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு இந்தியத் திரையரங்குகளுக்கு மறுபடி வந்தது. இராம நாடகம் ஆடிய ஊர்க்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு முடிவுப் பாட்டு. இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டெட் அவே' (2001) முடியும்போது வருகிற 'இட்ஸுமோ நான்தோ தெமோ'. யூமி கிமுரா இசையமைத்துத் தானே பாடினார். வேறொரு படத்தை மனதில் வைத்து உருவான பாட்டு. அந்தப் படம் கைவிடப்பட, பாட்டு இங்கே வந்து சேர்ந்தது. மேளமில்லை, கோரஸ் இல்லை. மடியில் வைத்து மீட்டுகிற லையர் என்ற நரம்புக்கருவியும் ஒரு குரலும் மட்டும். லையரின் வடிவம் யாழிலிருந்து வேறு. ஆனாலும் இரண்டிலும் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம். வீணைபோல மெட்டில் விரல் வைத்து சுரத்தை மாற்றுவதில்லை. யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்தவர் நம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியது, அடுத்த மாதம் அவர் மறைந்தார். யாழைக் காதால் கேட்டறியாத பிள்ளைகள் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, ஒரு லீவு நாளில் பஸ் ஏறி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் தாண்டிப் போய், கல்லடியில் அடிகளின் பெயரில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம். இசையைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம் என்பது நம் பிள்ளைகளில் பலருக்கு இன்னும் தெரியாது.

அடுத்த கிழமை இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷி. அதற்கு முன் 1986இல் வந்த 'லப்யூட்டா' படத்தின் முடிவுப் பாட்டை ஒருதரம் கேட்டு வையுங்கள், அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.