மதுரை பத்துத்தூண் சந்து: காணாமல்போன அரண்மனையைத் தேடி ஒரு நடை

மதுரை பத்துத்தூண் சந்துக்கு நீங்களும் துணி எடுக்கப் போயிருப்பீங்க. கடைகளுக்கு நடுவே வரிசையாக நிற்கும் அந்தத் தூண்களை நிமிர்ந்து பார்த்திருக்கீங்களா?

கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் சிலரோடு ஒரு காலையில் பழைய மதுரைக்குள் நடந்தேன். ஆரம்பம் திருமலை நாயக்கர் மஹால். 1636இல் கட்டியது. 'பம்பாய்' படத்துல வந்த அதே தூண்கள்தான். செல்ஃபி முடிந்ததும் பேராசிரியர் கேட்டார்: "மேலே பாருங்க, எங்கயாவது உத்தரம் தெரியுதா?"

தெரியவில்லை. செங்கல் வளைவுகள் ஒன்றோடொன்று சாய்ந்து, பாரத்தைத் தூண்களுக்கு இறக்கிவிடுகின்றன. அதன் மேல் வழவழப்பான சுண்ணாம்புச் சுதை. "சரி, தூணுக்குள்ள என்ன இருக்கு?" செங்கல் என்றார்கள் பாதிப்பேர். "பதில் பக்கத்துத் தெருவுல இருக்கு, வாங்க" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

சில நிமிட நடைதான். பத்துத்தூண் சந்தில் சுதை உதிர்ந்த தூண்கள். கல் மேல் கல்லாக அடுக்கியது அப்படியே தெரிகிறது! மூன்று மாணவர்கள் கைகோர்த்து ஒரு தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார்கள். கடைக்காரர் ஒருவர் துணி மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

இவை அரண்மனையின் ரங்கவிலாசம் பகுதியைச் சேர்ந்தவை. கூரை இல்லை, சுவர் இல்லை, பத்துத் தூண்கள் மட்டும். மஹாலாக இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது மொத்த அரண்மனையில் சுமார் கால் பங்குதான்னு சொல்றாங்க. அந்த அரண்மனை எவ்வளவு பெரிசுன்னு எனக்கு உறைத்தது மஹாலுக்குள் அல்ல, இந்தச் சந்தில்தான்.

மீதி எங்கே போச்சு? திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அரண்மனையின் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றதாகச் சொல்லப்படுகிறது. பிறகு கவனிப்பாரில்லை. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்ததால் மிச்சம் பிழைத்தது. அதன்பின் பல காலம் அங்கே நீதிமன்றம்கூட நடந்தது.

சந்தைவிட்டு வெளியே வந்தால் விளக்குத்தூண். ஜிகர்தண்டா குடிக்கத்தான் எல்லோரும் இங்கே நிற்போம். ஆனால் இது மதுரை கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்தது. 1840களில் நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்க்க வைத்தவர் அவர். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை கொடுத்தாராம். இன்றைய வெளி வீதிகள் வந்தது அப்படித்தான்.

"கோட்டையை இடிச்சவருக்கா விளக்கு?" என்று ஒரு மாணவி கொதித்தார். "இடிக்கலைன்னா ஊர் எங்க வளரும்? உங்க வீடே அந்தப் பக்கம்தானே?" என்றார் கூட வந்தவர். பேராசிரியர் இரண்டு பக்கமும் சேரவில்லை. "இடிக்காம விட்ட ஒரு துண்டு இருக்கு, அதைப் பார்த்துட்டுச் சண்டை போடுங்க" என்றார்.

அந்தத் துண்டு, பெரியார் பஸ் ஸ்டாண்ட் அருகே இருக்கும் மேலவாசல் கோட்டைக் கொத்தளம். அங்கே போய்ச் சேரும்வரை வாக்குவாதம் ஓயவே இல்லை.