கைக்கருவிகளின் கதை – 17: மடங்கும் மூட்டு

அலகும் பிடியும் ஒரே ஆணியால் இணைக்கப்பட்டு, வேலையில்லாத நேரத்தில் அலகின் கூர்விளிம்பு பிடியிலுள்ள பள்ளத்துக்குள் மறைந்துகொள்ளும்படி செய்யப்பட்ட சிறு கத்தியே மடக்குக் கத்தி எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இதன் சிறிய வகைக்குப் பேனாக்கத்தி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழரிடம் வில்லுக்கத்தி என்ற பெயரும் வழங்குகிறது. அரிவாள்மணையில் அலகு அசையாமல் நிற்க, காயைப் பிடித்த கைதான் நகர்கிறது. மடக்குக் கத்தியிலோ கையும் நகர்கிறது, அலகும் நகர்கிறது, இரண்டுக்கும் நடுவே அலகைத் தாங்கும் மூட்டும் நகரக்கூடியதாக இருக்கிறது. இந்த மூன்றாவது அசைவுதான் கத்தியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. கத்தி தன் உரிமையாளரின் விரலையே அறுக்கும் விபத்துக்கும் பல நேரங்களில் அதுவே காரணமாகிறது.

இக்கருவியின் பழமை வியப்பூட்டுவது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில், கி.மு. 600-க்கும் 500-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த, எலும்புப் பிடியுடன் கூடிய மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் நகரின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளியால் செய்யப்பட்ட அதன் உடலில் கரண்டி, முள்கரண்டி, குத்தூசி முதலியவற்றோடு இரும்பு அலகும் மடங்கிக் கிடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பயணம் செய்கிற மனிதனுக்கு உறையில்லாத கூர்மை ஆபத்து, உறையோடு கூடிய நீளம் சுமை என்பதை அக்காலக் கம்மியர் நன்றாகவே உணர்ந்திருந்தனர்.

ஆயினும் மடக்குக் கத்தியைப் படித்தவர் கையில் கொண்டுவந்து சேர்த்தது எழுத்துத் தொழில்தான். பேனா என்னும் சொல், இறகைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஐரோப்பியர் வாத்தின் சிறகிறகைச் சீவி, அதன் நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதினர். எழுத எழுத நுனி மழுங்கியதால் எழுத்தர் ஒரே நாளில் பலமுறை இறகைச் சீவ வேண்டியிருந்தது. அதற்கென்றே மேசையில் கிடந்த சிறு கத்தி பேனாக்கத்தி ஆயிற்று. தொடக்கத்தில் நிலையான அலகுடன் இருந்த அக்கத்தி பிற்காலத்தில் மடங்கும் வடிவம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் ஆலைகளின் எஃகு நிப்புகள் இறகை ஒழித்துவிட்ட பின்னும் கத்தியின் பெயர் மாறவில்லை.

தமிழகத்து ஏட்டெழுத்தாளருக்கும் இதே தேவை இருந்தது. பனையோலையின் ஓரங்களை வாரிச் சமப்படுத்தக் கத்தியும், எழுத்தைக் கீற எழுத்தாணியும் வேண்டியிருந்ததால், ஒரு முனையில் கூரும் மறுமுனையில் அலகும் கொண்டு, இரண்டும் பிடிக்குள் மடங்கும்படியான கருவி உருவாயிற்று, அதுவே மடக்கெழுத்தாணி. இறகும் ஓலையும் வேறு வேறு பொருள்கள், மையிட்டு எழுதுவதும் கீறி எழுதுவதும் வேறு வேறு முறைகள் என்றாலும், எழுதுகிறவன் மடியில் ஒரு கத்தி இருந்தாக வேண்டும் என்பதில் இரு நாட்டாரும் ஒன்றுபட்டிருந்தனர். அருங்காட்சியகங்களில் மடக்கெழுத்தாணியைக் காண்போர் கூரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், அதன் ஆணி மூட்டையும் நின்று கவனிக்க வேண்டும்.

மூட்டைப் பொறுத்தே மடக்குக் கத்திகள் வகைப்படுகின்றன. முதல் வகையில் ஆணியின் இறுக்கத்தால் உண்டாகும் உராய்வு மட்டுமே அலகை நிறுத்துகிறது. ஜப்பானின் மிக்கி நகரில் 1890-களில் தோன்றிய ஹிகோனோகாமி என்னும் கத்தி இவ்வகையைச் சேர்ந்தது. பிடிக்கு வெளியே நீண்டிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அலகு அசையாமல் நிற்கும். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவப் பல்லாண்டுகள் பயன்படுத்திய கத்தி இது. 1960 அக்டோபர் 12 அன்று இனெஜிரோ அசானுமா என்னும் சோஷலிஸ்ட் தலைவர் டோக்கியோ மேடையொன்றில் குறுவாளால் குத்திக் கொல்லப்பட்ட பின், பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் வலுத்தது. கொலைக்கும் ஹிகோனோகாமிக்கும் எத்தொடர்பும் இல்லாதபோதிலும், பள்ளிப்பைகளில் அதன் இடத்தைப் பென்சில் திருகி பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வகையில், பிடியின் முதுகில் எஃகு வில் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வில் என்பது இங்கே வளைத்து விட்டால் பழைய நிலைக்கு மீளும் பட்டையைக் குறிக்கும். வில்லுக்கத்தி என்ற பெயர் இவ்வகைக்கு மிகவும் பொருந்துகிறது. அலகின் அடிப்பகுதியை அந்த வில் அழுத்திக்கொண்டிருப்பதால் திறக்கும்போதும் மடக்கும்போதும் ‘டக்’ என்ற ஓசை எழுகிறது. அலகின் பக்கவாட்டில் வெட்டப்பட்ட சிறு பிறை போன்ற பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தால், முதலில் வில் எதிர்த்து நிற்பதும், பாதி வழியைக் கடந்ததும் அதே வில் அலகை முன்னோக்கித் தள்ளிவிடுவதும் விரலில் தெளிவாகத் தெரியும். ஆனால் இவ்வில் அலகை நிறுத்திவைக்கிறதேயன்றிப் பூட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமையே பல விபத்துகளின் தொடக்கம்.

மூன்றாவது வகை பூட்டுள்ளது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி முதலில் பூட்டில்லாமல்தான் இருந்தது; 1955-இல் பிடியின் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டு, அதைத் திருப்பினால் அலகு மடங்க வழியில்லாமல் போயிற்று. எளிமையில் இதற்கு இணையான பூட்டைக் காண்பது அரிது. இக்கத்தியின் ஒரே பலவீனம் மரம்தான்: நீரில் நனைந்தால் பிடி ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது பல்லாலும் இடுக்கியாலும் இழுத்துப் போராடாமல், பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் லேசாகத் தட்ட, அலகின் நுனி தானே வெளியே எழும்பும். சவோய்க்காரரின் இந்த உத்தி அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது.

உலகம் முழுதும் அறிந்த சுவிஸ் படைக்கத்தியின் பெருமையும் வில்லில்தான் அடங்கியிருக்கிறது. ஷ்விட்ஸ் மாநிலத்தின் இபாக் என்னும் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸனர், 1891-இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்திகள் வழங்கினார்; துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளியும், தகர டப்பாவைத் திறக்க ஒரு கருவியும் அதில் இருந்தன. கனம் குறைந்த கத்தியொன்றைத் தேடிய அவர், ஒரே வில்லைக் கொண்டு பிடியின் இருபுறமும் கருவிகளை நிறுத்தும் வழியைக் கண்டு, 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார்.

அன்றாடப் பயன்களை அடுக்கினால் முடிவிராது: சணலை அறுப்பது, பார்சல் ஒட்டுநாடாவைக் கீறுவது, ரயில் பயணத்தில் கொய்யாவை நறுக்குவது ஆகியவை எல்லோரும் அறிந்தவை. இக்கத்தியின் உண்மையான ஆற்றலைக் காண விரும்புவோர் நாற்றுப்பண்ணைக்குச் செல்ல வேண்டும். மாவில் ஒட்டுக் கட்டும் தொழிலாளி, பென்சில் கனமுள்ள தாய்மரக் குச்சியை எடுத்து, அதன் அடிப்பகுதியை இருபுறமும் ஆப்பு வடிவில் சீவி, வேர்ச்செடியின் நுனியை வெட்டிவிட்டு அதன் நடுவே பிளவு செய்து, அதில் ஆப்பைச் செருகிப் பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுகிறார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்திசு இரண்டிலும் ஒன்றோடொன்று தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். வெட்டு மேடுபள்ளமாக இருந்தால் இடையே காற்று நின்று, திசு காய்ந்துவிடும். இதற்காகவே ஒட்டுக்கத்தியின் அலகு பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிக்கப்பட்டு, மறுபக்கம் தட்டையாக விடப்படுகிறது. தட்டைப் பக்கம் குச்சியோடு படிந்து செல்வதால் வெட்டு கண்ணாடிபோல் அமைகிறது. தேர்ந்தவர் ஒரு சீவலை ஒரே இழுப்பில் முடிப்பார். இரண்டாம் முறை கத்தி படுவதை அவர் குறையாகவே கருதுவார்.

விபத்துகளுக்கு வருவோம். தேங்காயின் கண்ணைத் துளைப்பதற்கோ, இடுப்புவாரில் புதுத் துளை போடுவதற்கோ கத்தியின் நுனியைக் குத்தி அழுத்தும்போது, விசை அலகின் வழியாகப் பின்னோக்கித் திரும்புகிறது. கை சற்றே சாய்ந்தாலும் அவ்விசை ஆணியைச் சுற்றி அலகைச் சுழற்றுகிறது. வில்லின் எதிர்ப்பு அதற்கு ஈடுகொடுப்பதில்லை. பிடியைச் சுற்றி மடிந்திருக்கும் விரல்கள் அலகு வந்து விழும் பாதையிலேயே இருப்பதால், கண்ணிமைக்கும் நேரத்தில் கத்தி விரல்மேல் மூடிக்கொள்கிறது. பூட்டில்லாத கத்தி இழுத்து அறுக்க மட்டுமே உரியது, குத்துவதற்கு உரியதன்று. பூட்டுள்ள கத்தியிலும் பள்ளத்தில் பஞ்சும் மணலும் சேர்ந்திருந்தால் பூட்டு முழுமையாக விழாது; விழுந்ததுபோல் தோற்றம் மட்டும் தரும்.

விரலில் ஏற்படும் இவ்வெட்டு, தோலில் தெரியும் அளவைக்காட்டிலும் ஆழமான கேட்டை உண்டாக்கக்கூடியது. விரல்களை மடக்கும் முதன்மைத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. தசைநாண் என்னும் வெண்மையான கயிறுகள் அங்கிருந்து விரல்வரை ஓடி, சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம், விரலின் உட்பக்கத்தில் எலும்பை ஒட்டிக் கிடக்கின்றன. ஆழத்தில் உள்ள நாண் அறுபட்டால் விரலின் நுனிக்கணுவை மடக்க முடியாது. விரலின் இரு ஓரங்களிலும் செல்லும் நரம்பு அறுபட்டால் அப்பக்கம் மரத்துப்போகும். இரத்தம் நின்றுவிட்டது என்று ஆறுதல் அடைவதற்கு முன் இவ்விரண்டையும் சோதித்தறிய வேண்டும். முதலில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். இரத்தம் கட்டுப்பட்டபின் காயத்தை ஓடும் நீரில் கழுவலாம். காப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்பும் பழக்கத்தைக் கைவிட்டே ஆக வேண்டும்; அவை காயத்தில் அழுக்கைச் சேர்த்து, மருத்துவர் உள்ளே பார்ப்பதையும் கடினமாக்குகின்றன. விரல் மடங்காமலோ மரத்தோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்வது அவசியம். அறுபட்ட நாணைத் தாமதமின்றித் தைத்தால்தான் விரல் பழையபடி இயங்க வாய்ப்பு மிகுதி. டெட்டனஸ் தடுப்பூசியையும் மறக்கலாகாது.

மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலானது, ஆனால் தவறானது. மழுங்கிய அலகுக்கு மிகுந்த அழுத்தம் தேவைப்படுகிறது. அழுத்தம் மிகும்போது கத்தி வழுக்கினால் அதை நிறுத்தக் கைக்கு இயலாது. மழுங்கலின் கொடுமையை 2003-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று உலகறியக் காட்டிற்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புளூஜான் பள்ளத்தாக்கில் தனியே சென்ற ஆரோன் ரால்ஸ்டன் என்னும் மலையேறியின் வலக்கை, ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள பாறை சரிந்து ஏப்ரல் 26 அன்று சிக்கிக்கொண்டது. அவரிடம் இருந்தது மலிவான பல்பயன் மடக்குக் கருவி ஒன்று. அதன் அலகால் பாறையைச் செதுக்க முயன்றதில் கூர் போயிற்று. பிறகு கையைத் துண்டிக்க முற்பட்டபோது அக்கத்தியால் எலும்பை அறுக்கவே முடியவில்லை. மே முதல் நாளில் அவர் தம் முன்கை எலும்புகளைத் தாமே முறித்துக்கொண்டு, எஞ்சிய சதையை அக்கருவியால் அறுத்து வெளியேறினார். ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ திரைப்படம் (2010) இந்நிகழ்வைக் கூறுவதே.

பராமரிப்பு கடினமானதன்று. நனைத்த சாணைக்கல்லில் அலகை 20 பாகை அளவு சாய்த்து இருபுறமும் சம எண்ணிக்கையில் தேய்த்து, விளிம்பில் எழும் பிசிறு நீங்கும்வரை தொடர வேண்டும். ஒரு பக்கச் சாணையுள்ள ஒட்டுக்கத்திக்கு மட்டும் இது பொருந்தாது. கூரைக் கட்டைவிரலில் சோதிக்காமல் காகிதத்தில் சோதிப்பது நல்லது. மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கிய கரி எஃகு அலகை அப்போதே துடைக்காவிட்டால் கறுத்துவிடும். மூட்டுக்குத் தேங்காயெண்ணெய் இடுவோர் பலர். அது 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்குவதால் மார்கழிக் குளிரில் மூட்டு இறுகும். தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு ஏற்றது, ஆனால் பழம் நறுக்கும் கத்தியாயின் அலகில் வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

பயணத்தில் சட்டமும் கவனத்துக்குரியது. விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுசெல்ல இயலாது. சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டுவிளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைப் பொதுவிடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் பூட்டுள்ள கத்திக்கு இச்சலுகை இல்லை என்று அந்நாட்டு நீதிமன்றம் பின்னர் விளக்கிற்று. விரலைக் காக்கும் பூட்டு, அங்கே தக்க காரணம் காட்ட வேண்டிய பொருளாகிவிட்டது. பயன்படுத்துவோரின் பார்வையில் இது பொருத்தமான பிரிவினையாகத் தோன்றவில்லை.

வீட்டில் மடக்குக் கத்தி வைத்திருப்போர் அதைத் திறந்து, அலகின் முதுகைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். ஆணி தளர்ந்து அலகு ஆடுமானால், அதை இறுக்கித் தரும் கம்மியரிடம் கொடுத்துச் சரிசெய்யும்வரை அக்கத்தியைப் பயன்படுத்தலாகாது.