தொண்ணூறு வயதிலும் தசை வளரும்

"வயசாச்சு, பேசாம உட்காருங்க தாத்தா. எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்." பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் வேலை இல்லாத தசை இளைத்துவிடும், முதுமையில் இன்னும் வேகமாக இளைக்கும்.

மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு 1990-இல் வெளியானது. அதில் சேர்ந்த 10 பேரும் 86 முதல் 96 வயது வரையானவர்கள், பல நோய்களோடு இருந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, காலால் எடையைத் தள்ளி முழங்காலை நீட்ட வேண்டும். அதுவும் பேருக்குச் செய்கிற பயிற்சி இல்லை. ஒருவரால் அதிகபட்சம் தூக்க முடிந்த எடையில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள்.

தசையின் பருமன் கூடியது என்னவோ சுமார் 9 சதவீதம்தான். அப்படியானால் மீதி வலிமை எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு நரம்பிலிருந்து. வயதாக ஆக, தசையை இயக்கும் நரம்பணுக்கள் குறைகின்றன. இருப்பவற்றையும் மூளை முழுமையாக ஏவுவதில்லை. பயிற்சி அந்த ஏவலை மீட்டுத் தருகிறது. முதுமையில் அதிகம் மெலிவது சட்டென இயங்கும் தசைநார்கள். குளியலறை ஈரத்தில் கால் வழுக்கும்போது மறுகாலை எட்டி ஊன்ற வைப்பவை அவைதாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு போனவர்கள் எத்தனை வீடுகளில்!

அதே ஆய்வில் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில், ஏறிய வலிமையில் ஒரு பகுதி இறங்கிவிட்டது. அதனால் விடாமல் செய்ய வேண்டும். தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. சர்க்கரை மாத்திரைக்குத் தரும் கவனத்தை அதற்கும் தர வேண்டும் என்பேன்.

இதயக் கோளாறோ கடும் மூட்டுவலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சுவரோரம் நகராத நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இருக்கையில் கெட்டியான மெத்தை ஒன்றை வைத்து உயர்த்துங்கள். எழுவது எளிதானதும் அதை எடுத்துவிடலாம்.