ஆறு வினாடிப் போர்

வாளை ஓங்கி ஒருமுறை வெட்டுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு இக்கேள்விக்குக் காலத்துக்கொரு விடை கூறி வந்திருக்கிறது. விடை மாறியபோதெல்லாம் ஆட்டத்தின் இயல்பும் மாறியது என்பது என் துணிபு.

கதையை நடத்துபவர் ஒருவர். வீரராகவும் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்து ஆடுவோர் சிலர். ஐயம் வந்தவிடத்துப் பகடை தீர்ப்புச் சொல்லும். அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் மூன்று சிறு நூல்களாக இதனை வெளியிட்டனர். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டே இதன் தாய்வீடு.

1979இல் வெளிவந்த விரிவான நடத்துநர் நூலில் போரின் ஒரு சுற்று ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் வீரன் பதுங்குகிறான், ஏய்க்கிறான், தடுக்கிறான். இவற்றின் மொத்தப் பயனையே பகடை கூறும். மற்றதைக் கற்பனை நிரப்பிக்கொள்ளும். (பழையன யாவும் எளியன என்போர் அந்நூலின் மற்போர் விதிகளைப் படித்துப் பார்ப்பாராக!) 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பும் இந்த நிமிடத்தைக் கைவிடவில்லை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்போ சுற்றை ஆறு வினாடியாகச் சுருக்கியது. காலம் சுருங்கவே கணக்குப் பெருகிற்று. ஐந்தடிக் கட்டங்கள், பகைவன் அருகிலிருந்து அசட்டையாய் விலகினால் அவனுக்கு ஓர் இலவச அடி, உயர்நிலை வீரன் ஒரே முறையில் நான்கு தடவை வெட்டலாம், நான்குக்கும் கூட்டும் எண் வெவ்வேறு. கதையில் ஆறு வினாடி; எங்கள் மேசையிலோ அரைமணி நேரம். எங்கள் குழுவில் ஒரு நண்பர் இருந்தார். கணக்கில் மந்தர், ஆனால், அவர் வாய்திறந்தால் இருட்குகை கண்முன் நிற்கும். தம் முறை வருமளவும் காத்திருந்து, வந்ததும் கூட்டலில் தடுமாறி, பிறர் பொறுமையிழப்பதைக் கண்டு, மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார். விதிநூல் வீரர்களை மட்டுமன்றி ஆடுவோரையும் வீழ்த்தவல்லது.

2008இன் நான்காம் பதிப்பைப் பலர் ஏசினர். அது வாள்வீரனுக்கும் மந்திரவாதிக்கு நிகரான வித்தைகளைத் தந்தது. அந்நீதியை நான் பாராட்டுவேன். எனினும், பகையுயிர்கள் எளிதில் சாகா. வெற்றி உறுதியான பின்னும் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

2014இன் ஐந்தாம் பதிப்பு ஆறு வினாடியை வைத்துக்கொண்டு கூட்டல்களைக் குறைத்தது. சாதகமான நிலையெனின் இரு பகடை வீசிப் பெரியதைக் கொள்க, அவ்வளவே. இப்பதிப்பைத்தான் நான் இன்றும் நடத்துகிறேன். ஆனால், யார் முந்துவது என்பதை மட்டும் பழைய வழக்கப்படி தரப்புக்கு ஒரு பகடையால் தீர்க்கிறேன். இளைஞர் சிலர் முணுமுணுக்கின்றனர். அதனை விருப்ப விதியாக நடத்துநர் கையேடே அனுமதித்திருப்பதைக் காட்டியதும் அடங்கிவிடுகின்றனர்.